ஒரு தடவை கூப்பிட்ட குரல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கும் கடைச் சாமான் குறித்துக்கொள்வதற்கும் தவிர பேனாவைத் தொட்டதில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் வேலை புல் வெட்டுவது. சுங்கைப்பட்டாணியில் சாலை ஓரம், பள்ளித் திடல், சாக்கடைக் கரை என்று எங்கே அனுப்பினாலும் போவேன். காலையில் மிஷினைத் தோளில் மாட்டினால் மத்தியானம் வரை இறக்குவதில்லை. முகத்துக்கு வலை, காதுக்கு அடைப்பான். மிஷின் ஓடும்போது பேச முடியாது. நின்ற பிறகு பேச ஆள் இல்லை. கூட வேலை செய்யும் இரண்டு பேரும் வங்காளதேசத்துக்காரர்கள், அவர்கள் பாஷையில் பேசிக்கொள்வார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு அடுக்குமாடி வீட்டில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். சில வாரங்களில் திங்கள் முதல் சனி வரை நான் வாய் திறந்து சொல்வது 'தே ஓ ஒண்ணு, புங்குஸ்', அதாவது பால் போடாத தேநீர் ஒன்று பொட்டலம், என்பது மட்டும்தான். அதையும் கடைக்காரர் நான் சொல்வதற்கு முன்பே கட்டி வைத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திகாம் பத்துவில் ஒரு ரொட்டிக் கடைக்குப் போவேன். அங்கேதான் அந்த நடைக் குழுவைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் நம் ஆட்கள். ஒரே நிறத்தில் சட்டை, முதுகில் பை. வாரா வாரம் ஏதாவது ஒரு மலைக்குப் போகிறவர்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவர் என் காலைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, இந்தச் சப்பாத்து எங்க வாங்குனீங்க? என்னோடது பேருக்குத்தான் மலை ஏறுற சப்பாத்து, பாறையில வழுக்கு வழுக்குனு வழுக்குது."

"ரப்பர் பால் வெட்டுறவங்க போடுறது தம்பி. எந்த மளிகைக் கடையிலயும் தொங்கும்" என்றேன்.

"அப்ப நீங்க பால் வெட்டிருக்கீங்க. காட்டுல நடக்கத் தெரியும். அடுத்த வாரம் எங்க கூட வாங்கலா, சும்மா உக்காந்து தேத்தண்ணி குடிச்சு என்ன செய்யப் போறீங்க?"

அவரை எல்லாரும் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். வயது முப்பத்தைந்து இருக்கும். ஒரு தொழிற்சாலையில் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவர். அடுத்த வாரம் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். நான் அதிகம் பேசாதவன், ஆனால் கால் தடுமாறாதவன் என்பதைக் கேப்டன் கவனித்து என்னை வரிசையில் கடைசி ஆளாகப் போட்டார். குழுவில் அதற்கு 'வால்' என்று பெயர். வாலுக்கு ஒரே வேலைதான். தனக்குப் பின்னால் யாரையும் விடக் கூடாது. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. கடைசியில் நடந்தால் யாரும் நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், ஆனால் எல்லாரும் பேசுவது காதில் விழும்.

எனக்கு முன்னால் எப்போதும் ஒரு பெண் நடப்பார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. நாற்பது வயதுக்கு மேல், அக்காள் குடும்பத்தோடு இருக்கிறவர். அவரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். தங்கச்சி வாய் ஓயாமல் பேசுவாள். சூப்பர்வைசர் திட்டியது, அக்காள் மகன் கார் ஓட்டப் பழகிச் சுவரில் இடித்தது, பஸ்ஸில் ஒரு கிழவி கோழியோடு ஏறியது, எல்லாம் சொல்வாள். நான் ம் கொட்டுவேன்.

"அண்ணே, நீங்க பேசவே மாட்டீங்களா?"

"என்னத்தப் பேசறது தங்கச்சி."

"சரி விடுங்க. ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிடறேன்."

அந்த ஒரு வருடம் நான் ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் மற்ற ஆறு நாளும் புல் வெட்டினேன் என்று சொன்னால் பொய் இல்லை.

போன வருடம் மழை தொடங்குவதற்கு முன்னால் மலை மேல் இருக்கும் சில பாறைகளைத் தேடிப் போனோம். சிடாம் கிரிக்கு அப்பால் ரப்பர் காடு முடிகிற இடத்தில் ஏறினால், காட்டு மலையின் முதுகு நீளமாகப் போகும். அதன் மேல் கருங்கல் பாறைகள் விட்டு விட்டு முளைத்திருக்கின்றன. பாதை கிடையாது. கேப்டன் கைப்பேசியில் வானத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டினார். பச்சைக்கு நடுவில் சாம்பல் புள்ளிகள் ஏழு தெரிந்தன. ஏழையும் பார்த்துவிட்டு இறங்குவது என்று முடிவு.

பன்னிரண்டு பேர். முன்னால் போகிறவர் பிரம்பு முள்ளைப் பாராங்கத்தியால் விலக்க, அடுத்தவர் கிளையில் ரோஸ் நிற ரிப்பன் கட்டிக்கொண்டே போனார். முதல் பாறை தட்டையாக இருந்தது. மரம் மூடாததால் வெயில் பட்டுச் சுட்டது. "மாவு கொண்டாந்திருந்தா இங்கயே தோசை ஊத்திடலாம்" என்றார் ஒருவர். அங்கே நின்று பார்த்தால் கீழே செம்பனைத் தோட்டம் வரிசை வரிசையாகவும், அதற்கு அப்பால் நெல் வயல் தண்ணீராகவும் தெரிந்தன. இரண்டாவது பாறை முன்பக்கம் நீண்டு கூரை மாதிரி நின்றது. அதன் அடியில் மழையே படாத மண், மாவு போல. முள்ளம்பன்றி முள் இரண்டு கிடந்தது. துருப்பிடித்த மத்தி மீன் டின் ஒன்றும் கிடந்தது. "யாரோ குடியிருந்துட்டு வாடகை கட்டாம ஓடிட்டான்" என்று சிரித்தார்கள். நான் பாறையைத் தடவிப் பார்த்தேன். சின்னச் சின்னப் புள்ளிகள் மினுங்கின. அவ்வளவு பேர் இருந்தும் அந்தக் கூரைக்குக் கீழே ஒரு குளிர் இருந்தது.

மூன்றாவது பாறைதான் பெரியது. இரண்டு மாடிக் கடை வீடு அளவு இருக்கும். மேலே அத்தி மரம் ஒன்று வேரால் பாறையைக் கட்டிப் பிடித்திருந்தது. பாறை பல இடத்தில் பிளந்திருந்தது, பிளவை இலையும் பாசியும் மூடியிருந்தன. அங்கே சாப்பிட்டோம். தங்கச்சி தன் சோற்றில் பாதியை என் பொட்டலத்தில் தள்ளினாள். மீண்டும் கிளம்பும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, நீங்க போங்க. நான் ஒதுங்கிட்டு வந்திடறேன்."

வால் அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் ஒரு பெண் ஒதுங்கும் இடத்தில் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பாறையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், முதுகைத் திருப்பி நின்றேன். முன்னால் போனவர்கள் குரல் தேய்ந்துகொண்டே போனது. ரொம்ப நேரம் ஆகியும் தங்கச்சி வரவில்லை. பாறையின் கீழ்ப் பக்கமாகப் போய் அவர்களோடு சேர்ந்துவிட்டாள் போல என்று நினைத்தேன். பாறை மேல் ஏறி ரிப்பனைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன்.

அப்போது என் காலுக்குக் கீழேயிருந்து, கல்லுக்குள்ளேயிருந்து, யாரோ "அண்ணே" என்றார்கள்.

ஒரே தடவை. ஆண் குரலா பெண் குரலா என்று தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் பேசியது போல இருந்தது. நான் நின்றேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். விடியுமுன் பால் மரத்துக்குப் போகிற ஆட்கள் காட்டுக்குள் ஒருவரை ஒருவர் மூன்று தடவை கூப்பிடுவார்கள். ஒரு தடவை மட்டும் கூப்பிடுவது மனிதன் இல்லை. அதற்குப் பதில் சொல்லக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. பதில் சொன்னால் கூடவே வந்துவிடும். என் அம்மா அப்படித்தான் கூப்பிடுவார், நானும் அப்படித்தான் பதில் சொல்லிப் பழகினேன். ஐம்பது வயதிலும் உடம்பு அதை மறக்கவில்லை.

இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அத்தி இலை ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. நான் கிளம்பி வேகமாக, கிட்டத்தட்ட ஓட்டமாக, முன்னால் போனேன்.

நான்காவது பாறையில் கேப்டன் ஆள் எண்ணிக்கை எடுத்தார். முன்னாலிருந்து ஒவ்வொருவராக எண் சொல்வோம். ஒன்பது, பத்து என்று வந்தது. பிறகு சத்தம் இல்லை. பதினொன்று தங்கச்சியுடையது. எல்லாரும் திரும்பிப் பன்னிரண்டைப் பார்த்தார்கள்.

"அண்ணே, அக்கா எங்க?"

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "பெரிய பாறையில ஒதுங்கப் போனாங்க" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு எல்லாருக்கும் முன்னால் நானே ஓடினேன். நேராக அத்தி மரத்துக்கு இந்தப் பக்கம், நான் நின்ற அதே இடத்தில் போய் மண்டியிட்டேன். கேப்டன் விசில் ஊதினார். கீழேயிருந்து உடனே பதில் வந்தது.

"இங்க இருக்கேன்! இங்க! கால் மாட்டிக்கிச்சு!"

இலைகளை அள்ளிப் போட்டோம். பிளவு ஒரு ஆள் அகலம், இரண்டு ஆள் ஆழம். கீழ்ப் பக்கம் ஒதுங்கியவள் பாசியில் வழுக்கிப் பாறை இடுக்குக்குள் உள்ளே வரை சரிந்து போயிருக்கிறாள். கணுக்கால் ஒடிந்து, பாதம் கல்லுக்கு நடுவில் இறுகியிருந்தது. இரண்டு பேர் கயிற்றில் இறங்கி அவளைத் தூக்கினார்கள். கம்பு வெட்டி, கைலியில் தூளி கட்டி, மாற்றி மாற்றிச் சுமந்தோம். கேப்டன் என் தோளைத் தட்டினார். "எப்படி அண்ணே கரெக்டா அந்த எடத்துக்கே போனீங்க? நீங்க இல்லன்னா நாங்க சுத்திச் சுத்தித் தேடிக்கிட்டு இருந்திருப்போம்."

பாதி வழியில் தூளியை இறக்கி வைத்துத் தண்ணீர் குடித்தபோது தங்கச்சி பேசினாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"விழுந்ததும் மூச்சே வரல. அப்புறம் மேல நடை சத்தம் கேட்டுச்சு. நம்ம அண்ணன்தான்னு நெனச்சு 'அண்ணே'ன்னு கூப்பிட்டேன். நடை நின்னுச்சு. சத்தியமா நின்னுச்சுலா. என் தலைக்கு மேலயே நின்னுச்சு. அப்புறம் படபடன்னு போயிருச்சு."

"திரும்பவும் கத்த வேண்டியதுதானேக்கா?" என்றார் கேப்டன்.

"எப்படிக் கத்தறது? மனுசனா இருந்தா குனிஞ்சு பாக்கும்ல? கூப்பிட்டும் பதில் சொல்லாம நிக்கிறதப் போய் ரெண்டாவது தடவை கூப்பிடுவாங்களா? எங்க எஸ்டேட்டுல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன், அது திரும்பி வந்திடக் கூடாதுன்னு."

தண்ணீர்ப் புட்டி என் கையில் நசுங்கியது. மேலே நான் அவளை அதுவென்று நினைத்து நின்றேன். கீழே அவள் என்னை அதுவென்று நினைத்து வாயைப் பொத்தினாள். நடுவில் இரண்டு ஆள் ஆழம் கல்.

கேப்டன் என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்கதானே கடைசி. உங்க காதுல எதுவும் விழல?"

'நான்தான் தங்கச்சி அது, பயந்துவிட்டேன்' என்று சொன்னால் போதும். நான்கு வார்த்தை. பத்துப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காதைத் தொட்டுக் காட்டினேன்.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம் தம்பி. மிஷின் சத்தத்துல போயிருச்சு."

இதுதான் நான் சொன்ன பொய். ஒன்றே ஒன்று, அதற்குப் பிறகு வேறு சொல்ல வேண்டியே வரவில்லை. மற்றவர்களே அதைப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு ரொட்டிக் கடையில் எல்லாரும் எழுந்து எனக்குக் கை கொடுத்தார்கள். தேநீருக்கு ஆர்டர் சொல்லிக்கொண்டே ஒருவர் மற்றவரிடம், "அண்ணனுக்குச் சத்தமா சொல்லுலா, காது கேக்காது" என்றார். அன்றிலிருந்து என்னிடம் பேசுகிறவர்கள் கத்தினார்கள். ரொட்டியா, தோசையா, நல்லா இருக்கீங்களா, அவ்வளவுதான். கத்திக் கத்திக் கதை சொல்ல யாருக்கு முடியும்? கொஞ்ச நாளில் கையால் சாடை காட்டத் தொடங்கினார்கள். நடக்கும்போது என்னை வாலில் போடவில்லை, நடுவில் விட்டார்கள். நடுவில் எனக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பேசிக்கொண்டு வருவார்கள், நான் ஒரு மரத்தைப் போல. மூன்று மாதத்தில் நின்றுவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

தங்கச்சியின் காலில் இரும்புத் தகடு வைத்தார்கள். மருத்துவமனையில் ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்தேன். அவள் கையில் கறுப்புக் கயிறு, அக்காள் ஏதோ கோவிலில் மந்திரித்துக் கட்டியது. வந்தவர்கள் எல்லாரிடமும் அவள் நடை நின்ற கதையைச் சொன்னாள். சிலர் பாறை முனி என்றார்கள், சிலர் மலாய்க்காரர்கள் சொல்கிற காவல் ஆவி, டத்தோ என்றார்கள், சிலர் வலியில் மயக்கம் வந்து கற்பனை செய்திருக்கிறாய் என்றார்கள். கற்பனை என்று சொன்னவர்களிடம்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "நான் பைத்தியமா? நடை நின்னுச்சு" என்றாள். நான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

கால் சரியாகிவிட்டது. ஆனால் அவள் குழுவுக்கு வரவில்லை. தொழிற்சாலை பஸ் ஏறும் இடத்துக்குச் செம்பனை ஓரமாக ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். பின்னால் நடை சத்தம் கேட்பது போல இருக்கிறது என்று அந்த வேலையை விட்டுவிட்டாள். இப்போது அக்காள் வீட்டிலேயே மசாலாத் தூள் பாக்கெட் போடுகிறாள். குளியலறைக்குப் போனால்கூடக் கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லையாம், அக்காள்தான் சொன்னார். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசியவள், யாராவது கேட்டால் ஒழிய இப்போது பேசுவதில்லை.

அவள் பயப்படுவது முனிக்கு இல்லை. எனக்கு. இது உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

நான்கு தடவை சொல்லப் போனேன். முதல் தடவை அக்காள் புருஷன் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார், திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை உள்ளே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை வாய் திறந்தேன், மழை வரப் போகிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். போன வாரம் போனபோது அவளே கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். "தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு" என்று தொடங்கினேன். அவள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"அண்ணே! சாப்ட்டீங்களா! உக்காருங்க!"

அவ்வளவு அன்பாகக் கத்தினாள். நான் தலையாட்டினேன். அவள் கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்து படுத்துக்கொண்டு யோசித்தேன். சொன்னால் அவள் என்னை வெறுக்கலாம். அக்காள் புருஷன் அடிக்க வரலாம். கேப்டன் காதுக்கும் போகும், அவளைக் கண்டெடுத்தவன் என்று என்னைப் பாராட்டிய வாயாலேயே பேசுவார்கள். பேசட்டும். அவள் தாழ்ப்பாள் போடாத கதவுக்கு முன்னால் என் மானம் என்ன பெரிய மானம். சொல்லாவிட்டாலும் என்னிடம் யாரும் பேசுவதில்லைதான், அதனால் இழக்க என்ன இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். அது உண்மை இல்லை. 'அண்ணே' என்று கூப்பிட உலகத்தில் எனக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். அதுதான் போகும். போனாலும் சரி.

வாயில் வராததால் எழுதிவிட்டேன். நாளை அவளுக்குப் பாக்கெட் போடும் வேலை இல்லை, வீட்டில்தான் இருப்பாள். இதை அவள் கையில் கொடுப்பேன். அவள் படித்து முடிக்கும் வரை வாசலில் நிற்பேன், முன்பு போல ஓட மாட்டேன்.

தங்கச்சி, பாறை மேல் நின்றது நான். நீ பைத்தியம் இல்லை. நடை நின்றது.

சனிக்கிழமை, 11 அக்டோபர் 2025